எண் கூடினால் குழல் சுருங்கும்: ஷாட்கன் கேஜ் பற்றி ஓர் எளிய அறிமுகம்

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவரிடம் "இந்தத் தடவை என்ன கவுண்ட்?" என்று கேட்டுப் பாருங்கள். "முப்பது" என்றால் முகம் மலர்ந்திருக்கும். "நூறு" என்றால் குரல் இறங்கியிருக்கும். ஒரு கிலோவுக்கு முப்பது இறால் நின்றால் ஒவ்வொன்றும் பெரிது, நூறு நின்றால் எல்லாம் பொடி. எண் ஏற ஏற இறால் சிறுத்துக்கொண்டே போகும்.

ஷாட்கன் துப்பாக்கியின் குழல் அகலத்தைச் சொல்லும் ‘கேஜ்’ என்பதும் இதே கணக்குத்தான். இது தெரியாமல்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம். சினிமாவும் வீடியோ கேமும் பார்த்துப் பழகிய பலர், 28 கேஜ் என்றால் 12 கேஜைவிட இரண்டு மடங்கு பெரிய துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களோ, "28 எல்லாம் பொம்மை, அந்த ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் உலோக உருண்டைகளுக்கு) வலு கிடையாது" என்பார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறு இன்னும் பிடிவாதமானது. அதைத்தான் இங்கே பொறுமையாக அவிழ்க்கப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் வேட்டையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உரிமம், பருவம், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு ஆகியவற்றுக்கு உட்பட்டு நடப்பது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இங்கே ஷாட்கன் விளையாட்டுக் களத்திலும் பயன்படுகிறது.

ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டை?

ஷாட்கன் தோட்டாவுக்குள் பெரும்பாலும் ஒற்றைக் குண்டு இருக்காது. நூற்றுக்கணக்கான சின்ன உலோக உருண்டைகள் இருக்கும். இவற்றுக்கு நம் ஊரில் ரவை என்று பெயர். உப்புமா ரவையைவிடக் கொஞ்சம் பெரிது, கடுகளவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ரவை போகும் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைஃபிளில் உள்ளதுபோல் சுருள் பள்ளங்கள் இல்லை.

குழலின் உள்விட்டத்தைத் துல்லியமாக அளக்கக் கருவி இல்லாத காலத்தில் துப்பாக்கி செய்வோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டையை வார்ப்பார்கள். அப்படிப்பட்ட உருண்டைகள் ஒரு ராத்தலுக்கு, அதாவது ஒரு பவுண்டுக்கு, எத்தனை நிற்கும் என்று எண்ணுவார்கள். பன்னிரண்டு நின்றால் 12 கேஜ், இருபது நின்றால் 20 கேஜ். பிரிட்டிஷ் வழக்கில் கேஜுக்குப் பதில் ‘போர்’ என்பார்கள். நம் ஊரில் "12 போர்" என்று சொல்வது அங்கிருந்து வந்தது. திருப்பூர், ஈரோடு பக்கத்தவர்களுக்கு நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்ற கணக்கு தெரிந்திருக்கும். அதுவும் ஒரு ராத்தல் பஞ்சில் எத்தனை சிட்டம் நூல் கிடைக்கும் என்று பார்ப்பதுதான். நம்பர் ஏறினால் நூல் மெலிதாகும்.

மில்லிமீட்டரில் சொன்னால் 12 கேஜ் குழலின் விட்டம் சுமார் 18.5. 16 கேஜ் 16.8, 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண் 12இலிருந்து 28க்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆனால் குழல் சுமார் கால் பங்குதான் ஒடுங்கியிருக்கிறது. உருண்டையின் எடை அதன் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது, அதாவது விட்டத்தை மூன்று முறை பெருக்கி வரும் அளவு. அதனால் விட்டத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் எண்ணில் பெரிய மாற்றம் தெரியும். எண்ணைப் பார்த்து மிரளவோ ஏமாறவோ தேவையில்லை.

16 கேஜில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. ஒரு ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். ஆகவே 16 கேஜ் உருண்டை ஒவ்வொன்றும் சரியாக ஓர் அவுன்ஸ், 28.35 கிராம். எதிர்க்கோடியில் 4 போர் இருக்கிறது, அதில் ஓர் உருண்டையே கால் ராத்தல். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இலங்கையில் யானை வேட்டைக்கு எடுத்துச் சென்றது அந்த அளவுத் துப்பாக்கியைத்தான்.

இந்த வரிசையில் சேராத ஒன்று .410. ‘ஃபோர்-டென்’ என்று சொல்வார்கள். இது கேஜ் எண்ணே அல்ல, குழலின் விட்டம் 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீட்டர். கேஜ் கணக்கில் போட்டால் ஏறக்குறைய 67 வரும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் பழைய முறை. எண் சிறிதானால் குழல் பெரிது. வலுவைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

சிறிய கேஜின் ரவைக்கு வலு குறைவா?

ஒரு பெரிய பேருந்தும் ஒரு மினிபஸ்ஸும் ஒரே வேகத்தில் ஒரே ஊருக்குப் போகின்றன. பேருந்தில் அறுபது பேர், மினிபஸ்ஸில் இருபத்தைந்து பேர். இறங்கும் ஆள் எதில் வந்திருந்தாலும் அதே ஆள்தான். மினிபஸ்ஸில் வந்ததால் அவர் உயரம் குறைந்துவிடாது.

ரவையும் இப்படித்தான். வழக்கமான தோட்டாக்களில் 12 கேஜ் ஆனாலும் 28 கேஜ் ஆனாலும் ரவை புறப்படும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. விநாடிக்கு 365 மீட்டர் அளவில் இருக்கும். ஒரே பருமனுள்ள ரவை ஒரே வேகத்தில் போனால், ஒவ்வொரு ரவையும் ஒரே விசையோடுதான் அடிக்கும். குழலின் அகலம் அதற்குத் தெரியாது.

மாறுவது ரவையின் எண்ணிக்கை. எட்டாம் எண் ஈய ரவையை எடுத்துக்கொள்வோம், விட்டம் 2.3 மில்லிமீட்டர். 12 கேஜில் பலரும் பயன்படுத்தும் 32 கிராம் தோட்டாவைப் பார்த்தால் அதில் சுமார் 460 ரவை இருக்கும். 16 கேஜின் ஓர் அவுன்ஸில் நானூறுக்குச் சற்று மேல். 20 கேஜில் சுமார் 360. 28 கேஜின் முக்கால் அவுன்ஸில் முந்நூறுக்குச் சற்று மேல். .410இன் அரை அவுன்ஸில் இருநூறு சொச்சம்.

28 கேஜ்காரர் இழப்பது ரவையின் வலுவை அல்ல, கூட்டத்தை. தொலைவு கூடக் கூட ரவைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். 460 பேர் விலகி நின்றாலும் நடுவில் பெரிய சந்து விழாது. 200 பேர் அதே பரப்பில் நின்றால் ஒரு பறவையே நுழைந்து போகும் அளவுக்குச் சந்து விழும். சிறிய கேஜின் எல்லை அங்கேதான் வருகிறது.

குழல் சிறிதானால் ரவை பரவும் வட்டமும் சிறிதா?

இதுவும் பரவலாகச் சொல்லப்படுவதுதான். ரவை எவ்வளவு பரவும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சோக். குழலின் வாய்ப்பக்கம் உள்விட்டத்தைக் கொஞ்சம் நெருக்கிவைப்பதற்குத்தான் சோக் என்று பெயர். மிக இறுக்கமான சோக் என்றாலும் 12 கேஜில் நெருக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

இதைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. 40 கஜ தூரத்தில், அதாவது சுமார் 36 மீட்டரில், பெரிய தாள் ஒன்றைச் சுட்டு, அதன்மேல் 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுவார்கள். சோக்கே இல்லாத குழலில் நூற்றுக்கு நாற்பது ரவை வட்டத்துக்குள் விழும். இறுக்கமான சோக்கில் எழுபது விழும். கேஜ் மாறினாலும் இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எழுபது சதவீதம் என்பது 12 கேஜில் முந்நூற்றுக்கு மேல், .410இல் நூற்று நாற்பது சொச்சம். வட்டம் ஒன்றுதான், அடர்த்திதான் வேறு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஒடுங்கிய குழலில் அளவுக்கு மேல் ரவையைத் திணித்தால் அது நீளமான தூணாக அடுக்கப்படும். வெடிமருந்து பற்றும்போது அடியில் இருக்கும் ரவைகள் மேலே இருப்பவற்றின் பாரத்தில் நசுங்கும். ஓரத்தில் இருப்பவை குழலில் உரசித் தட்டையாகும். நசுங்கிய ரவை நேராகப் பறக்காது, திசை தப்பும். இப்போது ரவையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கிறார்கள், அதனால் இந்தச் சேதம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு குழலுக்கும் அது சிரமமில்லாமல் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. 16க்கு ஓர் அவுன்ஸ், 28க்கு முக்கால் அவுன்ஸ் என்று பழகியவர்கள் சொல்வது இதைத்தான். 28 கேஜில் ஒரு அவுன்ஸைத் திணித்து 16 ஆக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

சுருக்கமாக: பரவலைச் சோக் தீர்மானிக்கிறது, ரவையின் எண்ணிக்கையைத் தோட்டா தீர்மானிக்கிறது. கேஜ் அந்தத் தோட்டாவுக்கு ஒரு மேல் எல்லையை வைக்கிறது.

ஒலிம்பிக் சொல்லும் சேதி

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டது நினைவிருக்கலாம். ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய டிராப் அணியிலும் அவர் இருந்தார். டிராப்பில் அரைச் சாண் அகலமுள்ள ஒரு தட்டு, சுடுபவரைவிட்டு விலகி மிக வேகமாகப் பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது.

அந்தப் போட்டியில் எல்லாரும் பயன்படுத்துவது 12 கேஜ். விதிப்படி அதைவிடப் பெரிய குழல் கூடாது, சிறியதற்குத் தடையில்லை. ஆனால் தோட்டாவில் ரவை 24 கிராம்தான் இருக்கலாம். 20 கேஜில் வழக்கமாகப் போடும் எட்டில் ஏழு அவுன்ஸ் 24.8 கிராம். அதாவது உலகத்தின் மிகக் கடினமான டிராப் போட்டியில் 12 கேஜ் துப்பாக்கியில் போவது 20 கேஜின் சரக்கு!

அப்படியானால் எதற்கு 12 கேஜ்? அகலமான குழலில் 24 கிராம் குட்டையாக அடுக்கப்படுவதால் ரவை குறைவாகவே நசுங்கும். இன்னொரு காரணம் துப்பாக்கியின் எடை. அதற்குத்தான் இப்போது வருகிறோம்.

எடையும் உதையும்

படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகும். சின்னப் படகு வேகமாக விலகும், பெரிய படகு கொஞ்சம்தான் அசையும். ரவை முன்னால் பாயும்போது துப்பாக்கி தோளில் உதைப்பதும் இதேதான். ரவை கனமானால் உதை கூடும், துப்பாக்கி கனமானால் உதை குறையும்.

கிரீனர் என்ற ஆங்கிலத் துப்பாக்கித் தயாரிப்பாளர் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார்: ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி எடை இருந்தால் சுடுவதற்குச் சுகமாக இருக்கும். ஓர் அவுன்ஸ் ரவைக்கு ஆறு ராத்தல், அதாவது 2.7 கிலோ. 32 கிராமுக்கு 3 கிலோ. 28 கேஜின் முக்கால் அவுன்ஸுக்கு 2 கிலோ போதும்.

இங்கேதான் அரிய கேஜ்களை விரும்புவோரின் மனசு புரியும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ‘ரஃப்ட் கிரவுஸ்’ என்ற காட்டுக்கோழி இனத்தை வேட்டையாடுபவர் ஒரு நாள் முழுக்கப் புதருக்குள் நடப்பார். சுடுவது நாலைந்து தடவைதான். மீதி நேரமெல்லாம் துப்பாக்கியைச் சுமக்கும் வேலை. ஜார்ஜியாவிலும் டெக்சாஸிலும் காடை வேட்டைக்குப் போகிறவருக்கும் அப்படியே. பறவை காலடியில் இருந்து கிளம்பும், இருபது மீட்டருக்குள் சுட வேண்டும். அந்தத் தூரத்தில் முந்நூறு ரவை தாராளம். அதற்குமேல் போடுவது காடையைச் சமையலுக்கு உதவாமல் ஆக்கிவிடும். 12 கேஜைவிட அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்த ஒரு துப்பாக்கி, அதன் குழலும் பிடியும் கைக்கு அளவாக மெலிந்து இருக்கும்போது, தோளுக்கு ஏறும் விதமே வேறு. 28 கேஜை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் முகத்தில் வரும் புன்னகைக்கு இதுதான் காரணம்.

டிராப் களத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே நடை கிடையாது, நூற்றுக்கணக்கில் சுட வேண்டும். கனமான துப்பாக்கி உதையை விழுங்கும், தட்டைத் தொடர்ந்து சீராகத் திரும்பும். இடத்துக்கு ஏற்ற எடை என்பதுதான் கேள்வி.

16 கேஜ் ஏன் அருகிப் போனது?

"20 போலச் சுமக்கலாம், 12 போல அடிக்கும்" என்று அமெரிக்கர்கள் 16 கேஜைப் பற்றிச் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் அது அங்கே 12க்கு அடுத்த இடத்தில் இருந்தது. 1930களில் பிரவுனிங் நிறுவனம் தன் ஆட்டோ-5 துப்பாக்கியை 16 கேஜில் இலகுவாகச் செய்து ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்று பெயர் வைத்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இரண்டு ஷாட்கன் குழலும் ஒரு ரைஃபிள் குழலும் சேர்ந்த ‘டிரில்லிங்’ துப்பாக்கிகளில் 16 கேஜ் மிகச் சாதாரணம்.

அது விழுந்தது தன் குறையால் அல்ல. 1920களில் மாசசூசெட்ஸில் ‘ஸ்கீட்’ என்ற தட்டு சுடும் விளையாட்டு பிறந்தது. அமெரிக்க ஸ்கீட்டில் போட்டிகளை 12, 20, 28, .410 என்று நான்கு பிரிவாக வைத்தார்கள். 16க்குத் தனிப் பிரிவு இல்லை. போட்டி இல்லாத அளவுக்குத் தோட்டா செய்ய ஆலைகளுக்கு ஆர்வம் இருக்குமா? 28 கேஜும் .410உம் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் 20 கேஜில் மூன்று அங்குல நீளத் தோட்டா வந்து 16இன் ஓர் அவுன்ஸையும் தாண்டியது. சில தயாரிப்பாளர்கள் செலவை மிச்சம் பிடிக்க 12 கேஜ் சட்டகத்திலேயே 16 குழலைப் பொருத்தி விற்றார்கள். எடை குறையாவிட்டால் 16 கேஜ் வாங்குவதில் அர்த்தமே இல்லை. இந்த முடிவு என்னை இன்றும் வருத்துகிறது.

ஈயத்துக்கு மாற்று

கடைசி அடி ஈயத் தடையில் வந்தது. குளத்தடியில் கிடக்கும் ஈய ரவையை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. அதனால் 1991இலிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் கூடாது என்றானது. நியாயமான தடை. மாற்றாக வந்த எஃகு, ஈயத்தைவிட லேசானது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம் என்றால் எஃகு 7.8. லேசான ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்டப் பெரிய ரவை வேண்டும், பெரிய ரவைக்கு அதிக இடம் வேண்டும். இடம் என்றால் 12 கேஜ்தான். சிறிய கேஜ்கள் குளக்கரையை விட்டே விலகின.

அவற்றைத் திரும்ப அழைத்து வந்தது டங்ஸ்டன். டங்ஸ்டன் கலவையில் செய்த ரவை கன சென்டிமீட்டருக்கு 18 கிராம் வரை வரும், ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் ரவையை மிகச் சிறிதாக்கினாலும் வலு குறைவதில்லை. சிறிதானால் அதே இடத்தில் நிறைய கொள்ளும். .410க்கு இருந்த ஒரே குறை எண்ணிக்கைதானே? அது பெருமளவு தீர்ந்தது. இன்று அமெரிக்காவில் .410ஐ வைத்துக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறார்கள். முன்பு அதை யாரும் சிபாரிசு செய்திருக்க மாட்டார்கள். விலைதான் கையைக் கடிக்கும்.

சிறுவர்களுக்கு .410 ஏற்றதா?

உதை குறைவு, எடை குறைவு, ஆகவே கற்றுக்கொள்ள .410 நல்லது என்று பலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் நேர்மாறு. இருநூறு ரவையை வைத்துக்கொண்டு பறக்கும் தட்டைத் தொடக்கக்காரர் தொடுவது கடினம். பத்து முறை சுட்டுப் பத்தும் தப்பினால் பிள்ளைக்கு ஆசையே போய்விடும். ஸ்கீட்டில் நன்றாகச் சுடுபவர்களுக்கே 12, 20, 28 மூன்றிலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாக வரும், .410இல்தான் இறங்கும். அது கைதேர்ந்தவரின் துப்பாக்கி. வேட்டையில் இது இன்னும் முக்கியம். ரவை போதாமல் காயத்தோடு பறந்துபோய்ப் புதரில் சாகும் பறவைக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். தொடங்குபவருக்கு லேசான தோட்டா போட்ட 20 கேஜோ 28 கேஜோ பொருத்தம்.

28க்கும் .410க்கும் தோட்டாவில் ஈயம் குறைவு, ஆனால் விலை 12ஐவிட அதிகம். 12 கேஜ் தோட்டா கோடிக்கணக்கில் உருவாகிறது, மற்றவை கொஞ்சமாகத்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இரண்டு கேஜ் வைத்திருப்பவர்களுக்கு

20 கேஜ் தோட்டாவின் உறை மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதைத் தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் வழுக்கி உள்ளே போய், தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் குழலில் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் காலியாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்னால் கை தாங்கியிருக்கும் இடத்திலேயே. ஆகவே ஒரு நாளில் ஒரு கேஜ் மட்டும் எடுத்துச் செல்வது, சட்டைப் பையையும் தோட்டாப் பையையும் கிளம்பும் முன் கொட்டிப் பார்ப்பது என்ற பழக்கம் பலரிடம் உண்டு.

பழைய ஐரோப்பிய 16 கேஜ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தோட்டா உட்காரும் இடத்துக்கு அறை என்று பெயர். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. நீளமான தோட்டா உள்ளே போய்விடும், மூடவும் செய்யலாம். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் அச்சடித்த எண்ணைப் படித்து, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளந்த பிறகே அதற்கு முதல் தோட்டாவை வாங்க வேண்டும்.